கடைசிப் பந்திக்கு என்ன மிச்சம்?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. குடல்நோய் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் செய்தது அது. காலராவில் ஆளைச் சாய்ப்பது வயிற்றுப்போக்கோடு கொட்டிப்போகும் தண்ணீரும் உப்பும்தான். அதை ஈடுகட்ட உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுப்பது வழக்கம். இந்தக் குழு 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல். இன்னொரு பிரிவுக்கு அதோடு அரிசிமாவு. மூன்றாவது பிரிவுக்கு, மனிதச் சிறுகுடலால் எளிதில் செரிக்க முடியாத ஒருவகை மக்காச்சோள மாவு கலந்த கரைசல். மூன்றாவது பிரிவினர்தான் சீக்கிரம் தேறினார்கள். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் பிடித்தது. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரம்.

செரிக்காத பொருள் எப்படி உதவியது? சிறுகுடலைத் தாண்டிய அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறிய வகைக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கின. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடலின் சுவர் கூடவே சோடியத்தையும் இழுத்துக்கொள்கிறது. சோடியம் போகிற பக்கம் தண்ணீரும் போகும். சிறுகுடலில் காலரா இறைத்துவிட்ட நீரில் ஒரு பங்கைப் பெருங்குடல் இப்படி மீட்டெடுத்தது. மருந்தைத் தயாரித்தவை நோயாளியின் வயிற்றிலேயே இருந்த பாக்டீரியாக்கள். மருத்துவர்கள் அவற்றுக்குச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவுதான்.

குடல் பாக்டீரியாவைப் பற்றி இன்று எவ்வளவோ பேசப்படுகிறது. மாத்திரை விற்கிறவர்கள் பேசுகிறார்கள், பானம் விற்கிறவர்கள் பேசுகிறார்கள், மலத்தைச் சோதித்துச் சொல்கிறோம் என்பவர்களும் பேசுகிறார்கள். அந்தச் சத்தத்தில், வேலூர் ஆய்வு காட்டிய எளிய உண்மை அமுங்கிப்போகிறது என்பது என் வருத்தம். நாம் செரித்துக்கொள்வது நமக்கு; நம்மால் செரிக்க முடியாதது அவற்றுக்கு.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதல் பந்தி நம்முடையது. இரைப்பையும், ஆறு மீட்டர் அளவு நீளும் சிறுகுடலும் சேர்ந்து சோற்றின் மாவுச்சத்தையும் பருப்பின் புரதத்தையும் எண்ணெயின் கொழுப்பையும் உடைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. கடைசிப் பந்தி, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில். அங்கே காத்திருப்பவர்களுக்கு முதல் பந்தியில் தீராமல் வருவதுதான் சாப்பாடு: தோலோடு தின்ற பயறின் நார், கீரையின் தண்டு, கேழ்வரகின் தவிடு, வாழைக்காயின் இறுகிய மாவு. மைதா பரோட்டா, வெள்ளை ரொட்டி, பிஸ்கட், குளிர்பானம் போன்றவை ஏறக்குறைய முழுவதுமாக முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடுகின்றன. நமக்கு வயிறு நிறைகிறது. கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்குப் பரிமாற எதுவும் மிஞ்சுவதில்லை.

அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவருடைய சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் என்று பல புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. அது பழைய கணக்கு. இத்தனை பாக்டீரியாக்களையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 200 கிராம்தான் வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. இரைப்பையில் அமிலம் அதிகம். சிறுகுடலில் ஓட்டம் வேகம். பெருங்குடலில்தான் உணவு ஒருநாளோ அதற்கு மேலோ தங்குகிறது. ஆக்சிஜனும் அங்கே மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது.

நாரை நம்மால் ஏன் செரிக்க முடியவில்லை, அவற்றால் ஏன் முடிகிறது? எல்லாம் நொதிகளின் கணக்கு. சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்து உண்டானவைதான் மாவுச்சத்தும் நாரும். ஒவ்வொரு வகைக் கண்ணியையும் வெட்ட ஒவ்வொரு நொதி வேண்டும். உணவில் வரும் இத்தகைய சங்கிலிகளை வெட்ட மனித உடம்பு தானே செய்துகொள்ளும் நொதிகள் இருபதைத் தாண்டாது. குடலில் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவிடம் அப்படிப்பட்ட நொதிகள் 250க்கும் மேல் இருக்கின்றன. நாம் அந்த வேலையைப் பரம்பரை பரம்பரையாக வெளியாட்களிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லலாம்.

எதைச் சாப்பிடுகிறோமோ அதற்கேற்ப அந்த ஆட்களும் மாறுகிறார்கள் என்பதற்கு ஜப்பானியர்கள் நல்ல சான்று. ஜப்பானில் நோரி என்ற கடற்பாசியை நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள். கடலில் அந்தப் பாசியின் மேல் வாழும் பாக்டீரியா ஒன்றுக்குப் பாசியின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டத் தெரியும். அந்த மரபணு எப்போதோ ஜப்பானியர் குடலிலிருந்த பாக்டீரியாவுக்குத் தாவிவிட்டது. 2010இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் தேடியபோது ஜப்பானியர் சிலரின் குடலில் அந்த மரபணு கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் கிடைக்கவில்லை. ஒரு சமூகத்தின் சமையல், அந்தச் சமூகத்தின் குடலுக்குள் தன் அடையாளத்தை எழுதிவைத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நம் ஊர்க் கொள்ளும் மொச்சையும் அப்படி எதை எழுதிவைத்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாக்டீரியாக்கள் நாரைத் தின்று உண்டாக்கும் அமிலங்களில் முக்கியமானவை மூன்று: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். முதல் இரண்டும் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் போகின்றன. மூன்றாவதுதான் குடலுக்குச் சொந்தக்காரன். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. உடம்பின் மற்றப் பகுதிகள் ரத்தத்தில் வரும் சர்க்கரையையும் கொழுப்பையும் நம்பியிருக்க, இந்தச் சுவர் மட்டும் பாக்டீரியா சமைத்துப் போடுவதைத் தின்று வாழ்கிறது. அப்படித் தின்னும்போது அந்த உயிரணுக்கள் ஆக்சிஜனையும் செலவழித்துவிடுவதால் பெருங்குடலுக்குள் ஆக்சிஜன் கசிவது குறைகிறது. ஆக்சிஜன் இருந்தால் தலைதூக்கும் சால்மொனெல்லா போன்ற தொல்லைக் கிருமிகளுக்கு இடம் கிடைப்பதில்லை. நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் சண்டையை அடக்கும் வகை ஒன்று உண்டு; அதை வளர்க்கவும் பியூட்டிரேட் உதவுகிறது. நம் உடம்பின் எதிர்ப்புப் படையில் பெரும்பங்கு குடலைச் சுற்றித்தான் முகாம் போட்டிருக்கிறது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

இதெல்லாம் சோதனைச்சாலைப் பேச்சு என்று தோன்றலாம். மனிதர்களின் தட்டை மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, உணவுக்கும் குடலுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டியவை மிகக் குறைவு.

அதன் வேர் உகாண்டாவில் இருக்கிறது. டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்தார். ஐரோப்பாவில் சர்வ சாதாரணமாகப் பார்த்த பெருங்குடல் புற்றுநோய், குடல்வால் அழற்சி, மூலம் போன்றவை ஆப்பிரிக்கக் கிராமத்தவர்களிடம் அபூர்வமாக இருந்ததை அவரும் உடன் வேலை செய்தவர்களும் கவனித்தார்கள். காரணம் தேடி, இரண்டு பக்கத்து மக்களின் மலத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள், உணவு உடம்பில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று கணக்கிட்டார்கள். கிராமத்தவர்களின் மலம் பல மடங்கு அதிகம், சீக்கிரமும் வெளியேறியது. வித்தியாசம் நார்தான் என்று 1970களில் பர்க்கிட் ஊர் ஊராகப் பேசினார். அவர் சொன்னது ஊகம் கலந்ததுதான். நார் என்பது மலத்தைத் தள்ளும் துடைப்பம் என்ற அளவில்தான் அன்று பலருக்கும் புரிந்தது. பாக்டீரியாவின் பங்கு பின்னால்தான் தெளிவானது.

2015இல் வெளிவந்த ஆய்வு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓகீஃப் தலைமையில் நடந்தது. பெருங்குடல் புற்றுநோய் ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் லட்சத்துக்கு 65 பேருக்கு மேல் வருகிறது. தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர்களில் லட்சத்துக்கு 5 பேருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளி எதனால்? ஆய்வாளர்கள் பிட்ஸ்பர்கிலிருந்து 20 பேரையும் தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்திலிருந்து 20 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் தட்டில் நார் ஒருநாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. கொழுப்பிலிருந்து வரும் ஆற்றல் 35 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. கிராமத்தவர்களுக்கு நேர்மாறு: 66 கிராம் நார் 12 ஆகச் சுருங்கியது, 16 சதவீதக் கொழுப்பு 52 ஆனது. மக்காச்சோளக் களியும் அவரையும் தின்றவர்களுக்கு பர்கரும் வறுவலும் வந்தன.

சாப்பாட்டை மாற்றுமுன் குடலுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சதைமொட்டுகள் இருந்தன. கிராமத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது, நாருக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடியிருந்தது. குடல் சுவரில் அழற்சியின் அடையாளம் குறைந்திருந்தது. உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் வேகம் தணிந்திருந்தது. பித்தநீரிலிருந்து சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும், சுவரைப் புண்ணாக்கும் அமிலங்கள் 70 சதவீதம் குறைந்திருந்தன. கிராமத்தவர்களிடம் எல்லாம் தலைகீழ், பியூட்டிரேட் பாதியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, இருந்தது போய்விடவும் போவதில்லை. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய அடையாளங்கள் இரண்டே வாரத்தில், இருபது பேரின் உடம்பில், சாப்பாட்டால் மட்டும் திசைமாறின. எத்தனையோ வருடமாகத் தவறாகச் சாப்பிட்டுவிட்டோமே, இனி என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

சரி, கடைசிப் பந்திக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் என்ன ஆகும்? பசித்தவர்கள் வீட்டையே தின்னத் தொடங்குவார்கள். பெருங்குடலின் உட்சுவரை வழவழப்பான சளிப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. பாக்டீரியா சுவரைத் தொடாமல் காக்கும் வேலி அது. அந்தச் சளியும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதான். 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்டன்ஸும் பிற ஆய்வாளர்களும், மனிதக் குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றை எலிகளின் குடலில் குடியேற்றி, நாரில்லாத தீனி கொடுத்தார்கள். பாக்டீரியாக்கள் சளியைத் தின்றன. வேலி மெலிந்தது. அப்போது ஒரு நோய்க்கிருமியை உள்ளே விட்டதும் எலிகள் கடுமையாக நோயுற்றன. நார் தின்ற எலிகள் அதே கிருமியைத் தாங்கிக்கொண்டன. இது எலிகளில் கண்டது. மனிதர்களில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நாள் முழுக்க மைதாவும் சர்க்கரையுமாகப் போகும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெலிந்த வேலி நினைவுக்கு வருகிறது.

சாப்பாட்டை மாற்றினால் குடல் எவ்வளவு வேகமாக மாறும்? மிக வேகமாக. லாரன்ஸ் டேவிட் என்பவரும் குழுவினரும் 2014இல் பத்துப் பேருக்கு ஐந்து நாள் வெறும் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் கொடுத்தார்கள்; இன்னொரு முறை ஐந்து நாள் தானியம், பயறு, காய், பழம் மட்டும். இறைச்சி உணவு பெருங்குடலை எட்டிய ஒரே நாளில் பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் கூட்டமும் திரும்பியது. குறுகிய கால மாற்றம் மீளக்கூடியது. தலைமுறைகள் கடந்தால் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டின் ஜஸ்டின் சோனன்பர்கும் எரிக்கா சோனன்பர்கும் தம் குழுவோடு, 2016இல் எலிகளை நார்க் குறைவான தீனியில் நான்கு தலைமுறை வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சில வகைப் பாக்டீரியாக்கள் தாயிடமிருந்து குட்டிக்கு வராமல் காணாமல் போயின. கடைசியில் நாரை மறுபடி கொடுத்தும் அவை வரவில்லை. போய்விட்டவர்களுக்கு இலை போட்டு என்ன பயன்?

மனிதர்களிலும் இதன் சாயலைக் காண முடிகிறது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு அகதிகளாகப் போன மோங், கேரன் இன மக்களின் குடலை 2018இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. வந்து இறங்கிய சில மாதங்களிலேயே பாக்டீரியா வகைகள் குறையத் தொடங்கின. கூடுதல் நாள் தங்கியவர்களிடமும் அங்கேயே பிறந்த பிள்ளைகளிடமும் இழப்பு இன்னும் அதிகம். நாரைச் செரிக்கும் நொதிகளும் கூடவே போயின. டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் குடியேறிய நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இழப்பைப் பற்றியே பேசுகிறேன். மீட்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்தது. வங்கதேசத்தின் டாக்காவில் சத்துக்குறைவான குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றினாலும், பலர் வயதுக்கேற்ற வளர்ச்சியை எட்டாமலே நின்றுவிடுவார்கள். அவர்களின் குடலைப் பார்த்தால், ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிற்றில் அதைவிடச் சிறிய குழந்தைக்கு உரிய பாக்டீரியாக் கூட்டம் இருக்கும். வயது ஏறியும் குடல் வளரவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டனும் டாக்காவின் தஹ்மீத் அகமதும், குடல் பாக்டீரியாவுக்கு ஏற்ற உணவைத் தேடிக் கடைசியில் ஒரு கலவையைக் கண்டார்கள். கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை மாவு, சோயா மாவு, வாழைக்காய் ஆகியவையே அதன் அடிப்படை. 2021இல் வந்த முடிவு: மூன்று மாதம் இதைத் தின்ற குழந்தைகள், வழக்கமான சத்துணவு தின்றவர்களைவிட நன்றாக எடை கூடினார்கள். இத்தனைக்கும் புதிய கலவையில் கலோரி குறைவு. எல்லாம் அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள்கள். நம் ஊர்ச் சந்தையிலும் கிடைப்பவை.

இனி நம் தட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒருநாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும், காயும் பழமும் 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. 185 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஒரு கட்டுரை, நார் நிறையத் தின்பவர்களிடம் மரணமும் இதயநோயும் சர்க்கரைநோயும் பெருங்குடல் புற்றுநோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. பயன் அதிகம் தெரிந்தது 25 முதல் 29 கிராம் வரை தின்றவர்களிடம்.

தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு நார் மூன்று கிராம் கூட இல்லை. ஒருநாளைக்கு 200 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டாலும் ஐந்தாறு கிராம்தான். கேழ்வரகிலும் கம்பிலும் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் இருக்கிறது. முழுப் பச்சைப்பயறில் சுமார் 17. தோலோடு உள்ள கொண்டைக்கடலையில் சுமார் 25. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் தேவையில் பாதி வந்துவிடும். 100 கிராம் கொய்யாவில் எட்டு கிராமுக்கு மேல். விலையுயர்ந்த விதைகளையும் வெளிநாட்டுப் பழங்களையும் தேடி அலைய வேண்டியதே இல்லை. நம்மிடம் சாம்பார் இருக்கிறதே என்பார்கள். தோல் நீக்கிய துவரம்பருப்பு தண்ணீராக ஓடும் சாம்பாரில் கடைசிப் பந்திக்குப் போவது கொஞ்சம்தான். அதில் மிதக்கும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் அவரைக்காயும்தான் போகும். காயை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

வகையும் முக்கியம். ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிடித்த நார் வேறு. தினமும் ஒரே கீரை, ஒரே பயறு என்றால் சிலருக்கு மட்டும் விருந்து. இன்று மொச்சை, நாளை தட்டைப்பயறு, மறுநாள் வாழைத்தண்டு, அடுத்தநாள் கொத்தவரங்காய் என்று மாற்றிச் சமைத்த வீடுகள் தெரியாமலே நல்லதைச் செய்துகொண்டிருந்தன.

பழையசோற்றைப் பற்றி நிறைய மிகைப்பேச்சு உலவுகிறது. அதிலிருக்கும் உண்மை அழகானது. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகிக்கொள்கிறது. இறுகிய பகுதியைச் சிறுகுடலால் எளிதில் உடைக்க முடியாது. அது கடைசிப் பந்திக்குப் போகிறது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி லேசான புளிப்பைக் கொடுக்கின்றன. வேலூரில் நோயாளிகளுக்குக் கொடுத்த மாவின் எளிய உறவுக்காரன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அளவு பெரிதல்ல. பழையசோறும் சோறுதான், சர்க்கரைநோய் இருப்பவர்கள் இதைக் காரணம் காட்டி இரண்டு தட்டு சாப்பிடக் கூடாது. பானையும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் வெப்பத்தில் மணிக்கணக்காக விட்ட சோற்றில் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பாக்டீரியா வளரும், அது வேறு.

இட்லியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மாவைப் பொங்கவைப்பது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே அது ஒட்டியிருக்கிறது. ஆனால் இட்லி ஆவியில் வேகும்போது அது செத்துவிடும். இட்லியோடு உயிருள்ள பாக்டீரியா உள்ளே போகிறது என்பது சரியல்ல. புளித்ததால் செரிமானம் எளிதாகிறது, தாதுக்களை உடம்பு எடுத்துக்கொள்ளத் தடையாக இருக்கும் ஃபைட்டேட் குறைகிறது, பயன் அதில். உயிரோடு போவது தயிரிலும் மோரிலும் நீராகாரத்திலும். சோனன்பர்கின் ஸ்டான்ஃபோர்டு குழு 2021இல் 36 பேரிடம் பத்து வாரம் பார்த்தது: தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைத் தினமும் பலமுறை சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நாரை மட்டும் கூட்டியவர்களில், அந்தக் குறுகிய காலத்தில், வகைகள் அப்படிக் கூடவில்லை. புளித்ததும் வேண்டும், நாரும் வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கூட்டோ பொரியலோ வைத்தால் போதும்.

நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரைகள் நோய்க்கிருமியோடு நல்லவற்றையும் கொல்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் முழு நாளும் சாப்பிட வேண்டும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் நாமே கேட்டு வாங்கக் கூடாது. அதற்குப் பிறகு நல்ல பாக்டீரியா மாத்திரை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உறுதியில்லை. 2018இல் வந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வில், அப்படி மாத்திரை சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியாக் கூட்டம் திரும்பிவர, ஒன்றும் சாப்பிடாதவர்களைவிட அதிக நாள் பிடித்தது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமும் 2020இல் பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்கு இந்த மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை. மலத்தை அனுப்பினால் உங்களுக்கேற்ற உணவைச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களுக்கும் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல குடல் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் ஒரே அளவுகோல் இன்னும் கிடையாது.

மூளையைப் பற்றி அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: மகிழ்ச்சி தரும் செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது என்று. உண்டாவது உண்மை. ஆனால் குடலில் உண்டானது மூளைக்குள் நேராக நுழைவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை விடாது. குடலும் மூளையும் நரம்பு வழியாகவும் வேறு வழிகளிலும் பேசிக்கொள்கின்றன என்பது தெரியும். மனச்சோர்வுக்குத் தயிர் மருந்து என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாரைக் கூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நாளில் கூட்டாதீர்கள். பழக்கமில்லாத வயிற்றில் சுண்டலை நிரப்பினால் வாயு சேர்ந்து உப்பும், வலிக்கும். இனி வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். அந்த வாயுவும் பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம்தான், ஆனால் அவை பெருகிப் பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குடல் சுருக்கம் உள்ளவர்களும், குடலில் அறுவை செய்துகொண்டவர்களும், அடிக்கடி வயிறு கலங்கும் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பயறிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம். அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று இரவு இட்லிக்கு அரிசி ஊறவைக்கும் கையோடு, இன்னொரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ மொச்சையோ தட்டைப்பயறோ ஊறவைத்துவிடுங்கள்.